பஸ்தியாம்பிள்ளையின் முதல் வெற்றி

நீதிமன்ற வளவுக்குள் நுழைந்ததுமே சட்டத்தரணி பஸ்தியாம்பிள்ளையின் கண்ணில் அந்தப் பைதான் பட்டது. சீதேவிப்பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தாள். உள்ளே இரண்டு சாரம், ஒரு போர்வை, சவர்க்காரம், பற்பொடி. மகன் மறியல் சிறைக்குத்தான் போவான் என்று முடிவு கட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

பஸ்தியாம்பிள்ளைக்குச் சுருக்கென்றது. அவர் எழுந்து வாதாடினால் கிடைக்கிற பிணையும் கிடைக்காது என்பது மட்டக்களப்பு முழுக்கத் தெரிந்த விஷயம்தான். அதற்காக, அவரை அமர்த்தியவளே இப்படிச் செய்யலாமா?

இத்தனைக்கும் நேற்று, பெரிய பெரிய சட்டத்தரணிகளின் வாசல்களையெல்லாம் கடந்து, கிரானிலிருந்து நேரே அவரிடம்தான் வந்தாள். "உங்களப் பத்தி நல்லா விசாரிச்சுப்போட்டுத்தான் ஐயா வாறன்" என்றாள். தொழிலுக்கு வந்த நாள்முதல் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

வழக்கு சாதாரண அடிதடி. வயல்வட்டைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் வாய்த்தர்க்கம் வந்து, அவள் மகன் தவராசா தாய்மாமன் வினாயகமூர்த்தியின் மண்டையில் மண்வெட்டிப் பிடியால் போட்டுவிட்டான். மாமன் இரத்தம் வடிய வடியப் பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். மருமகனைப் பொலிஸ் அள்ளிக்கொண்டு வந்தது.

அவளுக்குப் புருசன் இல்லை. மூத்த மகன் போன மாரியில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பன்று வயலுக்குப் போனவன், வீடு திரும்பவில்லை. கேட்ட இடமெல்லாம் அப்படி ஒருத்தனைத் தெரியாது என்றே சொன்னார்கள். மிஞ்சியது தவராசா ஒருத்தன்தான். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, பஸ்தியாம்பிள்ளைதான் அழுதார்.

வழக்கைக் கூப்பிட்டார்கள். வினாயகமூர்த்தி தலைக்கட்டோடு முன்னே வந்து, இவனை வெளியே விட்டால் என்னைக் கொன்றே போடுவான், எவ்வளவு காலம் முடியுமோ அவ்வளவு காலம் உள்ளே வையுங்கள் என்று நீதவானைக் கும்பிட்டார். பிணை வேண்டாம் என்று பொலிசும் சொன்னது.

பஸ்தியாம்பிள்ளை எழுந்தார். அன்று அவருக்கு என்ன வந்ததோ தெரியாது, வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. காலையில் இந்த அக்காவும் தம்பியும் ஒரே இடியப்பப் பார்சலைப் பங்குபோட்டுத் தின்றதைத் தானே கண்டதாகவும், இது கோர்ட்டுக்கு வரவேண்டிய பகையே இல்லை என்றும் விளாசினார். பிறகு மூத்தவன் திரும்பி வராத கதையைச் சொன்னார்.

"ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமிருந்து மற்றப் பிள்ளையையும் பறிக்கலாமா கனம் நீதவான் அவர்களே?"

நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிணை நிற்க ஆள்கூடத் தேவையில்லை, பையன் தன் சொந்தக் கையெழுத்திலேயே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

பஸ்தியாம்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. சீதேவிப்பிள்ளை நன்றி சொல்ல ஓடிவருவாள் என்று வெளி வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வரக் காணோம். வேப்பமரத்தடியில் வினாயகமூர்த்தி கட்டுப்போட்ட தலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் சீதேவிப்பிள்ளை மகனின் கையை இறுக்கிப் பிடித்தபடி, றோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா, மகன் வெளிய வந்திட்டான். சந்தோசமில்லையா?"

"மூத்தவனக் கொண்டு போன ஆக்கள் முந்தநாள் இவனையும் தேடி வந்தவங்க ஐயா. மறியலுக்குள்ள இரிந்தா பேரெண்டாலும் பதிஞ்சிரிக்கும், ஆள் உசிரோட இரிப்பான். அதுக்குத்தான் என்ட தம்பி மண்டையக் குடுத்தான்."

உள்ளே இருக்கத்தான் வேண்டுமென்றால் பிறகேன் சட்டத்தரணி பிடித்தீர்கள் என்று பஸ்தியாம்பிள்ளை கேட்டார்.

"ஒருத்தருமில்லாம நிண்டா நீதவான் இரங்கி விட்டிருவாரெண்டுதான் ஐயா உங்களப் புடிச்சன்."