நாற்பது நாள் பச்சை

முட்டியில் டாக்டர் வலிநீக்கும் பட்டையைக் கட்டிய நாளிலிருந்து ஹேமலதாவுக்கு வலியே இல்லை. வலித்தால் பட்டையில் சிவப்பு விளக்கு எரியும், இல்லாவிட்டால் பச்சை. நாற்பது நாளாகப் பச்சைதான்.

அறுபத்தெட்டு வயதில் அந்த முட்டிவலியைச் சொல்லித்தான் அவள் அடுப்படியிலிருந்து விடுதலை வாங்கியிருந்தாள். இப்போது எழுபத்திரண்டு. பட்டை வந்த மறுவாரமே சமையல்காரம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

"அசதியா இருக்குடா. கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றாள் மகனிடம்.

சுடிதாரையும் தாண்டித் தெரிந்த வெளிச்சத்தை தர்ஷன் பார்த்தான். "பச்சைதானேம்மா எரியுது? அசதிக்கெல்லாம் விளக்கு கிடையாது" என்று சிரித்துவிட்டுக் கூடத்துக்குப் போனான். அங்கே மருமகளின் ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பட்டையை டாக்டர் மட்டும்தான் கழற்ற முடியும். ஹேமலதா அடுப்படிக் கதவைச் சாத்தினாள். கையிலிருந்த பூரிக்கட்டையால் முட்டியில் ஓங்கி அடித்தாள். இன்னொரு தடவை அடித்தாள். மூன்றாவது அடியில் முட்டி புடைத்துக்கொண்டு வந்தது.

வலிக்கவில்லை. விளக்கு பச்சையாகவே எரிந்தது.

"அத்தை, சப்பாத்தி தீந்துபோச்சு!" என்று மருமகள் குரல் கொடுத்தாள்.

ஹேமலதா கட்டையைத் துடைத்துவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தாள்.