எதிர்வீட்டுப் பாய்

"பஸ்ஸைக்கூட ஒரே வளைப்புல திருப்பிடுறேன். இந்த ஹால்ல என்னைத் திருப்ப முடியலையே!"

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கத்தினார் டிரைவர். இந்தத் தடவை இடித்தது, புதிதாக வந்த டீப்பாய்.

"பார்த்து நடக்கணும். டீப்பாய் என்ன பண்ணும் பாவம்?" என்றாள் அவர் மனைவி. வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையில் அவளுக்கு வேலை. ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பதால், கடைக்கு எது புதிதாக வந்தாலும் அடுத்து இவள் வீட்டுக்குத்தான் வரும். டிரைவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். ஷோரூம் என்றுதான் கூப்பிடுவார்.

"ஊரையே ஏத்திக்கிட்டுப் போறேன். பெத்த பொண்ணை ஒரு தடவை கடலுக்குக் கூட்டிட்டுப் போக வக்கில்லை" என்று முணுமுணுத்தார்.

"இந்த லீவுக்காவது போலாமாம்மா?" மகள் கட்டிலில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் நோட்டு வைக்க இடமில்லை.

"அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்டி. இப்பதானே ஃப்ரிட்ஜ் மாத்தினோம்."

போன லீவுக்கும் இதே பதில்தான், அப்போது ஃப்ரிட்ஜுக்குப் பதில் சோபா. மகள் அடம்பிடித்திருந்தால்கூடத் தேவலை. மறுபேச்சுப் பேசாமல் குனிந்துகொண்டது ஷோரூமை உறுத்தியது.

அந்த உறுத்தலோடுதான் எதிர்வீட்டுக்குப் போனாள். புதிதாகக் குடிவந்தவர்களை ஒரு மரியாதைக்காவது போய்ப் பார்க்க வேண்டாமா? உண்மையைச் சொன்னால், மரியாதை பாதி. என்ன சோபா போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை மீதி.

சோபாவும் இல்லை, நாற்காலியும் இல்லை. ஹாலில் ஒரே ஒரு பாய். சுவரோரம் இரண்டு பெட்டிகள். அவ்வளவுதான்.

"உட்காருங்கக்கா." பாயைத் தட்டிப் போட்டாள் எதிர்வீட்டுக்காரி. ஷோரூம் குடித்து முடித்த டம்ளரைக் கழுவி, அதிலேயே தன் மகனுக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

ஷோரூமால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "சாமான் இவ்வளவுதானா?"

"இப்போதைக்கு இதை வச்சுத்தான் ஓட்டுறோம்க்கா. ஓடுதே!" என்று சிரித்தாள் அவள்.

"டிவிகூட இல்லாமலா?"

"டிவி இல்லாததால ஒரே பேச்சுதான். கல்யாணமான புதுசுல பேசினது, அப்புறம் இப்பதான் நானும் அவரும் இவ்வளவு பேசுறோம். பெருக்கித் துடைக்கிற வேலையும் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடுது. சாயங்காலமானா மூணு பேரும் கிளம்பிடுவோம். பார்க்குல எங்களுக்குன்னே ஒரு பெஞ்ச் இருக்கு. பையனுக்குக் குஷி தாங்கலை."

ஷோரூம் எழுந்து கிளம்பினாள். வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. பின்னால் செருப்பு அலமாரி. ஒருக்களித்து நுழைந்தவளுக்கு அன்றைக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

முதலில் டீப்பாய் போனது. கடையில் கூட வேலை பார்ப்பவள் வாங்கிக்கொண்டாள். அப்புறம் செருப்பு அலமாரி, சாப்பாட்டு மேஜை, சோபா.

டிரைவர் மிரண்டு போனார். "உடம்பு கிடம்பு சரியில்லையா? கடையில ஏதும் தகராறா?"

"எதிர்வீட்டுல போய்ப் பாருங்க. ஒரு பாயை வச்சுக்கிட்டு எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க தெரியுமா?"

கண்ணாடி அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனபோது மட்டும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதில் அடுக்கியிருந்த கோப்பைகளில் ஒருநாளும் யாரும் எதையும் குடித்ததில்லை. அதை நினைத்தும் கொஞ்சம் அழுதாள்.

லீவு விட்டதும் கடலுக்குக் கிளம்பினார்கள். முதல் அலை காலில் பட்டதும் மகள் போட்ட கூச்சலில் பக்கத்திலிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, மனைவியையும் வரச்சொல்லிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அவள் திரும்பவே இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, ஒரு உதவி..." என்றவள் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அட, உங்க வீடு இவ்வளவு காலியா இருக்கு! நல்லதாப் போச்சு."

"எல்லாம் உங்களைப் பார்த்துதான்" என்றாள் ஷோரூம் பெருமையாக.

"எங்களைப் பார்த்தா? எங்க கதையை ஏன் கேக்குறீங்க! சாமான் ஏத்தின லாரிக்காரன் வேற ஊர்ல கொண்டுபோய் இறக்கிட்டான். வீட்ல உட்கார ஒரு நாற்காலி இல்லாமத்தானேக்கா தினம் பார்க் பெஞ்சுக்கு ஓடினோம்! ஒருவழியா நேத்துதான் எல்லாம் வந்து சேர்ந்துச்சு. இப்ப உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒரு சோபா, ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு டீப்பாய். கொஞ்ச நாள் உங்க ஹால்ல வச்சுக்கிறீங்களா?"

உள்ளே டிரைவரின் கை தானாக முழங்காலுக்குப் போனது.

ஷோரூம் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தாள், காலி ஹாலைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்:

"அதெல்லாம் வேண்டாம்மா. அந்தப் பார்க் பெஞ்ச் இனிமே காலிதானே? அதை வேணா நாங்க வச்சுக்கிறோம்."