தாஹிட்டி கவுன்

கொட்டாஞ்சேனைத் தையல்காரர் மர்ஸூக் கீறி அனுப்பிய மூன்றாவது படமும் கொள்ளுப்பிட்டி வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து திரும்பி வந்தது.

"தாஹிட்டித் தீவு ராணிட கவுன் கேட்டாங்க. ஈரப்பலா இல, செவ்வரத்தம் பூ எல்லாம் போட்டன். இப்ப இடுப்பில ஓலக் குஞ்சமும் வேணுமாம்! இந்தப் பொம்பளைகளுக்கு எதத்தான் புடிக்கும்?"

மூன்று வாரமாக இதே புலம்பலைக் கேட்டு மனைவி ஜவாஹிறாவுக்குக் காது புளித்துவிட்டது.

வாசலில் பங்களாக் கார் வந்து நின்றது. பெண்களுக்கு அளவெடுப்பது அவள் வேலை. டேப்போடு முன்னறைக்குப் போனவள், முக்காட்டை இழுத்துவிட்டபடி உடனே திரும்பி வந்தாள்.

"நீங்களே போய் அளவெடுங்க."

"ஏன், துரைசாணி வரல்லியா?"

"துரைதான் கோட்டக் கழட்டிப்போட்டு நிக்கிறார். மாறுவேஷ டான்ஸுக்கு அவர்தான் ராணியாம்."

டேப்பை மர்ஸூக்கின் தோளில் போட்டுவிட்டு அவள் அடுப்படிக்கு நடந்தாள்.

"அப்படியே கேட்டுட்டு வாங்க, ஆம்பிளைகளுக்கு எதத்தான் புடிக்கும் எண்டு."