கண்மணியின் கொலுசு

பூங்காவில் விளையாடிய கண்மணிக்கு ஒரு கால் கொலுசைக் காணோம். அம்மா வருவதற்குள் கிடைக்க வேண்டுமே என்று அழுதாள். மெட்டல் டிடெக்டர் மார்தட்டிக்கொண்டு கிளம்பியது. தோண்டுவதற்குக் களைக்கொத்தும் கூடப் போனது.

கண்மணி டிடெக்டரை ஒட்டிக்கொண்டே நடந்தாள். டிடெக்டர் அடிக்கொரு தரம் "கீங்" என்றது. ஏழு குழி தோண்டியும் மண்புழுதான் கிடைத்தது.

"தள்ளி நில்லு பாப்பா! உன் இன்னொரு கொலுசாலதான் இந்தச் சத்தம்" என்று அதட்டியது டிடெக்டர்.

"அண்ணே, கொலுசு இல்லாத கால் பக்கமும் கத்துறீங்களே?" என்றது களைக்கொத்து.

"எனக்கே சொல்லித் தர்றியா? தோண்டுடா!"

எட்டாவது குழி முடியும்போது அம்மா வந்துவிட்டாள். மகளின் பாவாடையைப் பிடித்து மண்ணை உதறினாள். ஓர மடிப்பில் சிக்கியிருந்த கொலுசு சலங்கென்று விழுந்தது.

"கீங்! கண்டுபிடிச்சிட்டேன்!" என்று கத்தியது டிடெக்டர்.

களைக்கொத்து முதல் குழியை மூடப் போனது.