குனியாமல் பார்த்த ஜீப்

மாப்பிள்ளைக்கு மலை மேல் வேலை. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் இல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது. புதிதாகக் கல்யாணமானவர், ஒரே பெண்ணைக் கொடுத்த மாமனாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பழைய வண்டி விற்கும் கடைக்கு வந்திருந்தார்.

புதுப் பெயிண்ட்டில் பளபளத்த ஜீப்பைக் கண்டதும் மாமனார் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்.

“வேணாம் மாப்ளே. ஃபோர் வீல் கியர் இருக்கே, அது சும்மா அலங்காரத்துக்கு. முன்சக்கரம் இழுக்காது.”

“இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலியே சார்!” என்றார் சேல்ஸ்மேன்.

“தரை விரிப்பைத் தூக்குங்க. துருவுக்கு மேல தார் பூசியிருக்கும்.”

தூக்கினார். பூசியிருந்தது.

“வெள்ளத்துல முங்கின வண்டி. சீட்டுக்கு அடியில விரலை விடுங்க, சேறு வரும்.”

வந்தது. மாப்பிள்ளைக்குப் புல்லரித்தது.

“எங்க மாமா கண்ணுலயே எக்ஸ்ரே வச்சிருக்காரு!”

“போதும், கிளம்புங்க மாப்ளே” என்று மாமனார் அவசரப்படுத்துவதற்குள், சாப்பிடப் போயிருந்த முதலாளி வந்துவிட்டார்.

“வாங்கண்ணே! இந்த ஓட்டை ஜீப்பை என் தலையில கட்டினது பத்தாதா? இப்ப வர்ற கிராக்கியையும் விரட்டணுமா? விக்கும்போது, ‘எம் பொண்ணு மேல சத்தியமா ஒரு குறையும் இல்ல’ன்னீங்களே!”

மாமனார் சட்டென்று குனிந்து, முதல் தடவையாக டயரை அக்கறையாகப் பரிசோதித்தார்.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்:

“எந்தப் பொண்ணு மேல மாமா?”