ராகுகாலத்தில் வந்த பதில்

பத்து முப்பத்தைந்துக்குப் பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் வந்தது. வெள்ளிக்கிழமை. ராகுகாலம் தொடங்கி ஐந்தே நிமிடம்.

"பன்னிரண்டு கழியட்டும், பிறகு திறக்கலாம்" என்று சண்முகராசா மனைவியின் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு சாமியறைக்குள் போனார். கதவையும் சாத்திக்கொண்டார்.

பாலாம்பிகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரனுக்கு அனுப்ப வேறு நேரமா கிடைக்கவில்லை?

நர்சிங் படிக்கக் கணக்கில் பாஸ் வேண்டும் என்றார்கள். நாற்பத்துமூன்று வயதில் போய் உட்கார்ந்தாள். இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம் கரையேறினாள்.

அது போதாது, பல்கலைக்கழகத்துக்குள் நுழையக் காலேஜில் ஒரு வருட அக்சஸ் கோர்ஸும் முடிக்க வேண்டும் என்றார்கள். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து, லூயிஷாம் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி அதையும் முடித்தாள்.

இனி இடம் கிடைத்தால் மூன்று வருடம். ஐம்பதைத் தொட்டபடி நர்ஸ் ஆகலாம்.

போன முறை இல்லை என்று பதில் வந்தது. ராகுகாலத்தில் திறந்ததுதான் பிழை என்று சண்முகராசா இன்றுவரை சொல்வார். அவள் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். இந்த முறையும் இல்லையென்றால், இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சொல்லியிருந்தாள்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. கறி வைக்கும் எண்ணமே இல்லாமல் ஒன்பது வெங்காயம் வெட்டினாள்.

பன்னிரண்டுக்குச் சாமியறை திறந்தது. நெற்றி நிறையத் திருநீறோடு வந்து போனைக் கொடுத்தார்.

செப்டம்பரில் வரச் சொல்லியிருந்தார்கள்!

பாலாம்பிகை குழந்தைபோலக் குதித்தாள். கத்தியும் கையுமாகவே அவரைக் கட்டிப்பிடித்தாள். நாற்பத்தாறு வயது உடம்பு அத்தனை லேசாக இருந்தது.

அழைப்புமணி அடித்தது. வாசலில் சண்முகராசாவின் தங்கை சுசிலா, லட்டுப் பெட்டியும் பூங்கொத்துமாக. "மச்சாள், இனி நீங்கள் நர்ஸம்மா!" என்று உள்ளே பாய்ந்தாள்.

சுசிலாவின் வீடு நகரத்தின் மறுகோடியில், குட்மேய்ஸில். அங்கிருந்து இங்கு வர எப்படியும் ஒரு மணித்தியாலம் வேண்டும்.

பாலாம்பிகை மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

சண்முகராசா தலையைச் சொறிந்தார்.

"கூடாத பதிலெண்டால் திறந்த ஆளின்ர தலையில விடியட்டும் எண்டுதான், நான் முதல் பாத்திட்டன்."