இரண்டு ஃபேன் பெட்டி

தினமும் போல இளவழுதி பல் துலக்கி, காபி போட்டுக்கொண்டு வந்து கணினியை இயக்கினான். இறந்துபோன மனைவி பூவிழியின் நினைவும் குரலும் அதில்தான் ஓடின. புது வீடு சிறியது. கணினிப் பெட்டியையும் சிறிதாக்க வேண்டியிருந்தது.

"இதுல ரெண்டு ஃபேன்தான். நான் முழுசா ஓடினா கொதிச்சுடும்," என்றாள் அவள். "என் நினைவுல எதையாவது குறைங்க. உயிரோட இருந்தப்பவே டயட் இருக்கச் சொன்னவர்தானே!"

"கடைசியா ஆஸ்பத்திரியில இருந்த வாரத்தை எடுத்துடவா?"

"உங்களுக்கு அதுதான் நிம்மதின்னா எடுங்க."

எடுத்தான். சிறிய பெட்டி சூடில்லாமல் ஓடியது.

"நான் கடைசியா என்னங்க சொன்னேன்?" என்று கேட்டாள்.

"வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னே," என்றான்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள், வீட்டில் குளித்துவிட்டு வருவதாகக் கிளம்பியவனின் கையைப் பிடித்து, அவன் போவதற்கு முன் அவள் உண்மையில் சொன்னது: "இன்னிக்கு மட்டும் போகாதீங்க. பயமா இருக்கு."